விருது வாங்க வரமுடியாதவர்கள்: ஸ்பானிய மொழி ஊடக விருதுகளின் கதை

விருது எண்ட சொல்லைக் கேட்டவுடனே எங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஒரு மண்டபம், பிந்தித் தொடங்கும் கூட்டம், தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, பிறகு முகநூலில் ஐம்பது படம். அடுத்த நாள் ஆருக்கு என்ன கிடைச்சது எண்டே ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. ஆகவே விருதுகளைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை எண்டவுடன் நீங்கள் கொட்டாவி விட்டால் அதில் பிழை சொல்ல முடியாது.

ஆனால் ஸ்பானிய மொழியில் எழுதும் ஊடகவியலாளர்களுக்கு வருடாவருடம் கொடுக்கப்படும் விருதுகளின் கதை கொஞ்சம் வேறு மாதிரி. அதில் தணிக்கை இருக்கிறது, இராணுவச் சதி இருக்கிறது, சொந்த நாட்டை விட்டு வெளியேற அனுமதி கிடைக்காமல் விருதைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதையின் ஒரு கிளை கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும்கூட வந்து போகிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

எரியாத அருங்காட்சியகம்

கதையை 1891ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். அந்த வருடம் நவம்பர் 25ஆம் திகதி, மட்ரிட்டின் 'எல் லிபெரால்' பத்திரிகையைத் திறந்த சனத்துக்கு நெஞ்சு பதறியது. பிராடோ அருங்காட்சியகம் முந்தைய இரவு தீப்பற்றி எரிந்துவிட்டதாகச் செய்தி. வெலாஸ்கெஸ், கோயா போன்றவர்களின் ஓவியங்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. பதறியடித்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு ஓடியவர்களும் உண்டு. போய்ப் பார்த்தால் கட்டடம் அப்படியே நிற்கிறது.

செய்தியை எழுதியவர் மரியானோ டி காவியா. கடைசிவரை வாசித்தவர்களுக்கு அவர் உண்மையைச் சொல்லியிருந்தார்: இது நடக்கவில்லை, ஆனால் இப்படியே கவனிக்காமல் விட்டால் ஒருநாள் நடக்கும். அருங்காட்சியகக் கட்டடத்துக்குள்ளேயே ஊழியர்கள் குடியிருந்தார்கள், அடுப்பு மூட்டினார்கள். அதைப் பலமுறை சொல்லியும் கேட்பாரில்லை. அவர் செய்தியைக் கற்பனையில் எரித்த பிறகுதான் அதிகாரிகள் பாதுகாப்பு ஏற்பாடுகளில் இறங்கினார்கள்.

இண்டைக்கு இப்படி ஒருவர் செய்தால் 'போலிச் செய்தி' எண்டு பொலிசில் முறைப்பாடு போகும். அது நியாயமான கோபம்தான். ஆனால் காவியாவின் காலத்தில் பத்திரிகை எழுத்து என்பது இலக்கியத்துக்கும் செய்திக்கும் இடையில் நின்ற ஒன்று. அவர் 1920இல் இறந்தார். அதே வருடம் 'ஏ.பி.சி.' பத்திரிகை அவருடைய பெயரில் ஒரு விருதைத் தொடங்கியது. ஸ்பானிய மொழியின் பழைய ஊடக விருதுகளில் ஒன்று அது. அது கௌரவித்தது பத்திரிகையில் வெளிவந்த நல்ல கட்டுரையை. அழகாக எழுதத் தெரிந்தவர் நல்ல பத்திரிகையாளர் என்பது அந்தக் காலத்து அளவுகோல்.

அந்த அளவுகோலில் ஒரு ஓட்டை இருந்தது. அழகாக எழுதுவதற்குச் சுதந்திரம் கட்டாயம் இல்லை.

தணிக்கைக்குள் நாற்பது வருடம்

1936இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. போர் முடிவதற்கு முன்னரே, 1938இல், பிராங்கோ தரப்பு ஒரு பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அச்சுக்குப் போகுமுன் எல்லாம் தணிக்கை. பத்திரிகை ஆசிரியர் யார் என்பதிலும் அரசின் கை. ஊடகவியலாளராக வேலை செய்வதென்றால் அரசின் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும். போர்க்காலச் சட்டம் என்று வந்தது, 28 வருடம் நீடித்தது.

1966இல் புதிய சட்டம் வந்தது. முன்தணிக்கை போய்விட்டது என்று பெருமையாகச் சொன்னார்கள். உண்மையில் என்ன நடந்தது? முன்பு அதிகாரி வெட்டினார். இப்போது நீங்களே வெட்டவேண்டும். வெட்டாமல் விட்டால் தண்டப்பணம், இடைநிறுத்தம், கடைசியில் பூட்டு. எங்களுக்கு இந்த ஏற்பாட்டைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை எண்டு நினைக்கிறன்.

'மட்ரிட்' என்ற பெயரில் ஒரு மாலைப் பத்திரிகை இருந்தது. 1968 மே மாதம் அதில் ஒரு கட்டுரை வந்தது. பிரான்சின் டி கோல் உரிய நேரத்தில் பதவியிலிருந்து விலகவேண்டும் என்பதுதான் விஷயம். பிரான்சைப் பற்றிய கட்டுரை! ஆனால் வாசித்த எல்லாருக்கும் அந்தக் கிழவர் ஆர் எண்டு விளங்கியது, அரசுக்கும் விளங்கியது. பத்திரிகையைச் சில மாதங்கள் நிறுத்தினார்கள். 1971இல் நிரந்தரமாக மூடினார்கள். 1973இல் அதன் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஒரு பத்திரிகைக் கட்டடம் புழுதியாக அடங்கும் அந்தப் படம் ஸ்பானிய ஊடக வரலாற்றில் மறக்கப்படாத ஒன்று.

இந்தக் காலம் முழுக்க விருதுகள் நின்றுவிடவில்லை. காவியா விருது பிராங்கோ ஆட்சியிலும் கொடுக்கப்பட்டது. நல்ல எழுத்தாளர்கள் அதைப் பெற்றார்கள். இதில் ஒரு பாடம் இருக்கிறது: விருது இருக்கிற நாட்டில் ஊடகச் சுதந்திரம் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. விருது எதைப் பாராட்டுகிறது, எதைப் பாராட்டாமல் விடுகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

ஒரு தத்துவவாதியின் பெயர் ஏன்?

பிராங்கோ 1975 நவம்பர் 20ஆம் திகதி இறந்தார். ஆறு மாதம் ஆகவில்லை, 1976 மே 4ஆம் திகதி 'எல் பாயிஸ்' பத்திரிகையின் முதல் இதழ் வெளிவந்தது. சர்வாதிகாரத்தின் கறை படியாத புதுப் பத்திரிகை என்பதுதான் அதன் பலம். அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1978இல் தீவிர வலதுசாரிகள் அனுப்பிய பொதிக்குண்டு வெடித்து, அலுவலகத்தில் வேலைசெய்த ஓர் இளைஞர் கொல்லப்பட்டார்.

1981 பெப்ரவரி 23. புதிய பிரதமரைத் தெரிவுசெய்யும் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது, லெப்டினன்ட் கேணல் தெஹேரோ துப்பாக்கியுடன் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தார். அவருடன் ஏறத்தாழ 200 ஆயுதக் காவலர்கள். கூரையை நோக்கிச் சுட்டார்கள். உறுப்பினர்கள் ஆசனங்களுக்குக் கீழே பதுங்கினார்கள். நாட்டில் என்ன நடக்கப்போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. வலென்சியா நகரின் தெருக்களில் தாங்கிகள் இறங்கிவிட்டன. அரசர் தொலைக்காட்சியில் தோன்றிச் சதியை நிராகரித்தது நள்ளிரவு ஒரு மணிக்குப் பிறகு. ஆனால் 'எல் பாயிஸ்' அதற்குப் பல மணிநேரம் முன்னரே, அன்றிரவே, விசேட பதிப்பை அச்சடித்துத் தெருவில் விட்டுவிட்டது. தான் அரசியலமைப்பின் பக்கம் நிற்கிறேன் என்று முதற்பக்கத்திலேயே அறிவித்தது. சதி வென்றிருந்தால் அந்தத் தலைப்பை எழுதியவர்களின் கதி என்ன என்பதை யோசித்துப் பாருங்கோ.

அந்தப் பத்திரிகைதான் 1984இல் ஒர்தேகா இ காசெட் விருதுகளைத் தொடங்கியது. அதற்கு ஒரு வருடம் முன்னர், 1983இல், 'எஃபே' செய்தி நிறுவனம் 'ஸ்பெயின் அரசர்' பெயரிலான சர்வதேச ஊடக விருதைத் தொடங்கியிருந்தது. ஜனநாயகம் கொஞ்சம் காலூன்றியவுடன், நல்ல ஊடகவேலை எது என்று சொல்லவேண்டிய தேவை வந்துவிட்டது.

ஹொசே ஒர்தேகா இ காசெட் (1883–1955) ஒரு தத்துவவாதி. ஊடக விருதுக்கு அவருடைய பெயர் ஏன்? அவர் பத்திரிகைக் குடும்பத்துப் பிள்ளை. தாய்வழிப் பாட்டனார் 1867இல் 'எல் இம்பார்சியால்' பத்திரிகையைத் தொடங்கியவர். தகப்பனும் பத்திரிகையாளர். ஒர்தேகா 1917இல் 'எல் சோல்' பத்திரிகை உருவாவதில் பங்கெடுத்தார். உலகப் புகழ்பெற்ற 'திரள்களின் கிளர்ச்சி' நூல்கூட முதலில் அந்தப் பத்திரிகையில் கட்டுரைகளாக வந்ததுதான். பல்கலைக்கழக மண்டபத்துக்குள் பேசவேண்டியதை அவர் தேநீர்க்கடை மேசைக்குக் கொண்டுவந்தார்.

1930 நவம்பரில் அவர் 'எல் சோல்' இல் எழுதிய ஒரு கட்டுரை, முடியாட்சி ஒழிக்கப்படவேண்டும் என்று முடிந்தது. அதன் பின்விளைவாக அவரும் நண்பர்களும் அந்தப் பத்திரிகையை விட்டு வெளியேற வேண்டிவந்தது. அடுத்த ஏப்ரலில் முடியாட்சியே வீழ்ந்தது.

ஆனால் ஒர்தேகாவை வீரனாக மட்டும் வரைவது நேர்மையில்லை. 1936இல் போர் வந்தவுடன் நாட்டைவிட்டு வெளியேறினார். பாரிஸ், ஆர்ஜென்டினா, போர்த்துக்கல் என்று அலைந்தார். பிராங்கோ ஆட்சி இருக்கும்போதே மட்ரிட்டுக்குத் திரும்பினார். வெளிப்படையாக எதிர்க்கவும் இல்லை, ஆட்சியைத் தழுவிக்கொள்ளவும் இல்லை. அந்த மௌனத்தைப் பற்றி ஸ்பெயினில் இன்றைக்கும் வாதம் நடக்கிறது. 1955இல் அவர் இறந்தபோது, எத்தனை கட்டுரை போடலாம், எதைக் கட்டாயம் கண்டிக்கவேண்டும் என்று பத்திரிகைகளுக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மௌனமாக இருந்தவரின் மரணத்தைக்கூட தணிக்கை விட்டுவைக்கவில்லை. அவருடைய மகன் ஹொசே ஒர்தேகா ஸ்பொத்தோர்னோ பின்னாளில் 'எல் பாயிஸ்' ஐ நிறுவியவர்களில் ஒருவரானார். ஆக, விருதின் பெயருக்குள் நான்கு தலைமுறைப் பத்திரிகை வரலாறும், அதன் துணிச்சலும் தயக்கமும் சேர்ந்தே இருக்கின்றன.

2008: ஒரே மேடை, இரண்டு பதில்கள்

ஒர்தேகா இ காசெட் விருதுக்கு ஒரு முக்கியமான விதி: வேலை ஸ்பானிய மொழியில் வந்திருக்கவேண்டும், எந்த நாட்டில் வந்தது என்பது பிரச்சினையில்லை. கட்டுரை, இணையப் படைப்பு, புகைப்படம், வாழ்நாள் பணி எனப் பிரிவுகள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. 2008இல் வென்றவர்களில் இரண்டு பேரைப் பற்றிக் கதைக்காமல் இந்தக் கட்டுரை நகராது. இரண்டு பேரின் குடும்பப் பெயரும் சாஞ்செஸ். ஆனால் உறவு இல்லை.

ஒருவர் கியூபாவின் யோவானி சாஞ்செஸ். 2007இல் 'தலைமுறை வை' என்ற வலைப்பூவைத் தொடங்கினார். பெயருக்குக் காரணம் வேடிக்கையானது: எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பிறந்த கியூபர்கள் பலரின் பெயர் 'வை' என்ற எழுத்தில்தான் தொடங்கும். வரிசையில் நிற்பது, கடையில் பால் இல்லாதது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போன்ற அன்றாட விஷயங்களைத்தான் அவர் எழுதினார். ஆனால் சாதாரண கியூபர் ஒருவர் இணையத்துக்குள் நுழைவதே அப்போது கஷ்டம். அவர் ஹவானாவின் ஹோட்டல்களுக்குள் சுற்றுலாப் பயணி போலப் போய், விலையான சில நிமிடங்களில் எழுதியதை அனுப்பிவிட்டு வருவார்.

2008இல் இணையப் பிரிவில் விருது அவருக்கு. மட்ரிட்டுக்குப் போக வெளியேறும் அனுமதி வேண்டும். கிடைக்கவில்லை. விழா அவர் இல்லாமலே நடந்தது. 2013 ஜனவரியில் கியூபா அந்த வெளியேறும் அனுமதி முறையை நீக்கியது. அடுத்த மாதம்தான் அவர் பயணம் புறப்பட்டார். பிறகு திரும்பிப்போய் ஹவானாவிலிருந்தே ஓர் இணையப் பத்திரிகையைத் தொடங்கினார். ஆட்சியின் ஆதரவாளர்கள் அவரை வெளிநாடுகளின் கைக்கூலி என்றார்கள், விருதையே அதற்கு ஆதாரமாகவும் காட்டினார்கள். வெளியிலிருந்து வரும் பாராட்டு உள்ளுக்குள் குற்றப்பத்திரிகையாக மாறும் வித்தை எங்களுக்குப் புதிதில்லை.

மற்றவர் ஸ்பெயினின் புகைப்படக் கலைஞர் ஹெர்வாசியோ சாஞ்செஸ். சரயேவோ முற்றுகை தொடக்கம் பல போர்களைப் படமெடுத்தவர். 1995இலிருந்து மிதிவெடிகளால் சிதைந்த மனிதர்களைப் பின்தொடர்ந்தார். ஒருமுறை படமெடுத்துவிட்டு ஓடிவிடவில்லை. அதே ஆட்களிடம் வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பப் போனார். 2008இல் விருது பெற்ற படத்தில், மொசாம்பிக்கில் சிறுமியாக இருந்தபோது மிதிவெடியில் இரண்டு காலையும் இழந்த ஒரு பெண், தன் மகளோடு இருக்கிறாள்.

விழாவில் அரசின் உபபிரதமர் முன்வரிசையில் இருந்தார். ஹெர்வாசியோ மேடையேறினார். நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அவர் செய்தது வேறு. போர்க்களங்களில் ஸ்பெயினின் ஆயுதங்களைக் கண்டதாகச் சொன்னார். ஸ்பெயின் தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை மிதிவெடி தயாரித்தது என்பதை நினைவூட்டினார். ஆயுத விற்பனை கூடிக்கொண்டு போகிறது, ஜனநாயகம் வந்த பிறகு ஆண்ட ஒவ்வொரு பிரதமருக்கும் இதில் பங்கு உண்டு என்று ஒவ்வொருவரின் பெயரையும் சொன்னார். வலதுசாரி, இடதுசாரி என்று ஒருவரையும் தப்பவிடவில்லை. அந்தப் பேச்சு பிறகு மின்னஞ்சலாகக் கைமாறிக் கைமாறி ஆயிரக்கணக்கானோரிடம் போனது.

பொன்னாடையை வாங்கிக்கொண்டு கும்பிடுகிற எங்கள் பழக்கத்தோடு இதை ஒருக்கா ஒப்பிட்டுப் பாருங்கள். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மிதிவெடி என்பது வெறும் சொல் இல்லை. மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கை 1997இல் வந்தது. இலங்கை அதில் இணைந்தது 2017இல்தான். உலகில் ஒருவன் விருதுமேடையில் நின்றுகொண்டு, தன் சொந்த அரசின் முகத்துக்கு நேரே அதைப் பற்றிப் பேசினான் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

யோவானி வரமுடியாமல் போனதால் சொன்னதும், ஹெர்வாசியோ வந்து சொன்னதும் ஒரே மேடையில் நடந்தவை. விழாவுக்குக் காசு செலவழிக்கிறவர்கள் எதிர்பார்க்காத இடத்தில்தான் ஒரு விருது உயிர்பெறுகிறது.

கடலில் பத்து நாள்

ஸ்பெயினை விட்டு இப்போது கொலம்பியாவுக்குப் போவோம். 1955 பெப்ரவரி இறுதியில், கொலம்பியக் கடற்படையின் 'கல்தாஸ்' என்ற கப்பலிலிருந்து எட்டுப் பேர் கரீபியன் கடலில் விழுந்தார்கள். ஒருவர் மட்டும் பத்து நாள் மிதவையில் தத்தளித்து உயிரோடு கரைசேர்ந்தார். புயலில் நடந்த விபத்து என்றது அரசு. அவரை வீரனாக்கினார்கள். கைக்கடிகாரத்துக்கும் சப்பாத்துக்கும் விளம்பரம்கூடச் செய்தார்.

எல்லாம் ஆறிப்போன பிறகு அவர் 'எல் எஸ்பெக்டடோர்' அலுவலகத்துக்கு வந்தார். பழங்கஞ்சி என்று நிருபர் அலுத்துக்கொண்டார். ஆசிரியர் கியேர்மோ கானோ விடவில்லை. இருந்து கேள் என்றார். அந்த நிருபரின் பெயர் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ். மணிக்கணக்காகக் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது: புயலே இல்லை. கப்பலின் மேல்தட்டில் கட்டியிருந்த கடத்தல் பொருட்கள், குளிர்சாதனப் பெட்டிகளும் சலவை இயந்திரங்களும், அறுந்து விழுந்ததில்தான் மாலுமிகள் கடலில் வீசப்பட்டார்கள். 14 பகுதிகளாகத் தொடர் வந்தது. கொலம்பியாவை அப்போது ஆண்டது இராணுவ ஆட்சி. தொடரால் அரசுக்கு வந்த கோபம் லேசில் தீரவில்லை. மார்க்கேஸை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். சில மாதங்களில் பத்திரிகையும் மூடப்பட, அவர் பாரிசில் கையில் காசில்லாமல் நின்றார்.

பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற பிறகும் மார்க்கேஸ் தன்னைப் பத்திரிகையாளன் என்றே சொல்லிக்கொண்டார். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கார்த்தஹேனா நகரில் இளம் ஊடகவியலாளர்களுக்குப் பயிற்சிப் பட்டறை நடத்தும் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அது கொடுத்த முதல் விருதுகளுக்கு மெக்சிக்கோவின் ஒரு சீமெந்துக் கம்பனி காசு கொடுத்தது. 2013இலிருந்து அது மார்க்கேஸின் பெயரைத் தாங்கி, இன்று 'காபோ விருது' என்று அறியப்படுகிறது. ஸ்பானிய, போர்த்துக்கீச மொழிகளில் வரும் ஊடகப் படைப்புகளுக்கானது. முதல் விழாக்கள் நடந்த இடம் மெடெயின் நகரம்.

அந்த நகரத்தின் பெயரைக் கவனியுங்கள். மார்க்கேஸை அந்த மாலுமியின் முன்னால் இருத்திய ஆசிரியர் கியேர்மோ கானோ, 1983இல் ஒரு வேலை செய்தார். பாப்லோ எஸ்கோபார் அப்போது பாராளுமன்றத்துக்குள் நுழைந்துவிட்ட 'கௌரவமான' அரசியல்வாதி. கானோவுக்கு எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. பழைய பிரதிகளைக் கிளறி, 1976இல் எஸ்கோபார் போதைப்பொருளோடு கைதானது பற்றித் தன் பத்திரிகையில் வந்த செய்தியைக் கண்டெடுத்து மறுபடி அச்சிட்டார். எஸ்கோபாரின் அரசியல் வாழ்க்கை அதோடு முடிந்தது. 1986 டிசம்பர் 17ஆம் திகதி மாலை, கானோ அலுவலகத்திலிருந்து வாகனத்தில் வெளியே வந்தபோது, மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1989இல் அந்தப் பத்திரிகைக் கட்டடத்துக்கே குண்டு வைத்தார்கள். கொன்றவர்கள் மெடெயின் போதைக் கும்பல். அதே மெடெயினில்தான் கானோவின் பழைய நிருபருடைய பெயரில் ஊடக விருது பிறந்தது.

விருது காப்பாற்றுமா?

இந்த இடத்தில் ஒரு நேர்மையான கேள்வி கேட்கவேண்டும். விருது ஓர் ஊடகவியலாளரைக் காப்பாற்றுமா?

மெக்சிக்கோவின் ஹாவியேர் வால்டெஸ் போதைக் கும்பல்களைப் பற்றி 'ரியோதோசே' வார இதழில் எழுதியவர். 2011இல் நியூயோர்க்கில் சர்வதேச ஊடகச் சுதந்திர விருதைப் பெற்றார். உலகம் அவரை அறிந்திருந்தது. 2017 மே 15ஆம் திகதி, பட்டப்பகலில், தன் அலுவலகத்துக்கு அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். விருது குண்டைத் தடுக்கவில்லை.

வெனிசுவேலாவின் தியோடோரோ பெட்கோஃப் இளமையில் கெரில்லாப் போராளி, பிறகு இடதுசாரி அரசியல்வாதி, பிறகு 'தால் குவால்' பத்திரிகையின் ஆசிரியர். 2015இல் வாழ்நாள் பணிக்கான ஒர்தேகா இ காசெட் விருது அவருக்கு. ஆனால் அவதூறு வழக்கொன்றில் நாட்டைவிட்டு வெளியேறத் தடை. ஸ்பெயினின் முன்னாள் பிரதமர் பெலிப்பே கொன்சாலெஸ் அவர் சார்பில் விருதை வாங்கினார்.

நிக்கராகுவாவின் கார்லோஸ் பெர்னாண்டோ சாமோரோவும் அதே விருதைப் பெற்றவர். அவருடைய தகப்பன் 'லா பிரென்சா' பத்திரிகையின் ஆசிரியர். 1978இல் சோமோசா சர்வாதிகாரத்தின் கடைசிக் காலத்தில் கொல்லப்பட்டார். மகன் புரட்சியின் பக்கம் நின்று சன்டினிஸ்டாக்களின் பத்திரிகையையே நடத்தினார். பிறகு அதே ஒர்தேகா (தத்துவவாதி இல்லை, ஜனாதிபதி டானியேல் ஒர்தேகா) அரசு அவருடைய அலுவலகத்தைப் பறித்தது, அவரை நாடுகடந்து வாழவைத்தது, 2023இல் குடியுரிமையையும் பறித்தது. பத்திரிகையை அவர் கொஸ்தாரிக்காவிலிருந்து நடத்துகிறார்.

ஆக, விருது உயிரைக் காப்பாற்றும் கவசம் இல்லை. அப்ப ஏன் அது? நான் விளங்கிக்கொண்டது இதுதான்: அது ஒரு பதிவு. இந்த ஆள் இன்ன வருடத்தில் இன்ன வேலையைச் செய்தான், அது பொய்யில்லை, அதை அவனுடைய தொழிலைச் சேர்ந்தவர்கள் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதிவைப்பது. சர்வாதிகாரிகள் ஒருவரை முதலில் கொல்வது பெயரைத்தான்: துரோகி, கைக்கூலி, பொய்யன். அந்தப் பெயரை வேறொரு இடத்தில் பத்திரப்படுத்துவதுதான் விருது செய்யக்கூடியது. கானோ பழைய பத்திரிகைப் பிரதியைத் தேடி எடுத்ததும் அதே வேலைதான்.

விருது கொடுக்கிறவர்களையும் சும்மா விடக்கூடாது. அரசர் பெயரில் ஒன்று, ஒரு பெரிய பத்திரிகைக் கம்பனியின் ஒன்று, சீமெந்துக் கம்பனியின் காசில் தொடங்கிய ஒன்று. ஆருடைய காசு, ஆர் நடுவர், எந்த நாட்டு அநியாயம் மேடைக்கு வருகிறது, எது வருவதில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஹெர்வாசியோ செய்தது அதைத்தான்.

கொழும்பு, மே 3

இப்போது தொடக்கத்தில் சொன்ன கிளைக்கு வருகிறேன். யுனெஸ்கோ 1997இல் உலக ஊடகச் சுதந்திரப் பரிசு ஒன்றை உருவாக்கியது. அதற்குக் கியேர்மோ கானோவின் பெயரை வைத்தது. இது எந்த மொழியில் எழுதுகிறவருக்கும் உரியது. மே 3ஆம் திகதி, உலக ஊடகச் சுதந்திர தினத்தையொட்டி, வருடம் ஒரு நகரில் கொடுப்பார்கள்.

2006இல் அந்த நகரம் கொழும்பு. கார்க்குண்டில் ஒரு கையையும் ஒரு காலையும் இழந்த லெபனானிய ஊடகவியலாளர் மே சிடியாக்குக்கு அந்த வருடம் பரிசு. உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அதற்கு முதல் நாள் மாலை, மே 2ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் 'உதயன்' பத்திரிகை அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் நுழைந்து சுட்டார்கள். இரண்டு ஊழியர்கள் கொல்லப்பட்டார்கள். போகோட்டாவில் கொல்லப்பட்ட ஓர் ஆசிரியரின் பெயரால் கொழும்பில் கைதட்டல் எழுந்தபோது, யாழ்ப்பாணத்தில் செத்தவீடு.

மூன்று வருடத்தில் அந்தப் பெயர் மறுபடி இங்கே வந்தது. 2009 ஜனவரி 8ஆம் திகதி 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க, வேலைக்குப் போகும் வழியில், மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்களால் கொல்லப்பட்டார். அந்த வருடத்துக்கான கியேர்மோ கானோ பரிசு அவருக்கு, இறந்த பிறகு. வாகனத்தில் போகும் ஆசிரியர், மோட்டார் சைக்கிளில் வரும் கொலைகாரர். 22 வருட இடைவெளி, இரண்டு கண்டங்கள், ஒரே முறை.

ஸ்பானிய மொழி ஊடக விருதுகளின் பட்டியலை நான் வாசிக்கத் தொடங்கியது வெறும் ஆர்வத்தில்தான். வாசிக்க வாசிக்க, ஆர் வென்றார் என்பதைவிட, ஆரால் வரமுடியாமல் போனது என்பதே கண்ணில் பட்டது. அனுமதி கிடைக்காதவர், வழக்கில் அடைபட்டவர், நாடிழந்தவர், உயிரோடு இல்லாதவர். 'உதயன்' அலுவலகத்தில் அன்று செத்த இரண்டு பேரும் எந்தப் பட்டியலிலும் பரிசு வாங்கியவர்கள் இல்லை. அவர்கள் எழுத்தாளர்களும் இல்லை. பத்திரிகை அடுத்த நாள் காலை வெளிவருவதற்காக வேலை செய்த ஆட்கள். அவர்களின் பெயரை உங்களுக்குத் தெரியுமா? தெரியாது எண்டால், ஒருக்காத் தேடிப் பாருங்கோ. அண்டைக்குப் பழைய பிரதிகளைக் கிளறின கானோ செய்ததும் அவ்வளவுதான்.